எழுத ஆள் இருந்த புனிதர்கள்

1586-இல் தமிழில் ஒரு பெரிய புத்தகம் அச்சானது. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக ஹென்றிக்கஸ் அடிகளார் ஆக்கிய அந்த நூல் முழுக்கப் புனிதர்களின் வாழ்க்கை. 'அடியார் வரலாறு' என்று இன்று அதைச் சொல்கிறோம். புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் தமிழில் அச்சேற 1714 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அக்காலக் கடற்கரைக் கிறிஸ்தவனுக்கு எது அவசரத் தேவையாக இருந்தது என்று புரியும். வேதாகமத்துக்கு முன்னால் அவன் கைக்கு வந்தது செபஸ்தியாரும் லவுரேஞ்சியாரும் பட்ட பாட்டின் கதைதான். பரதவர் பேச்சின் வாடை அடிக்கும் அந்த நூலின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் கிடப்பதை 1954-இல் தனிநாயகம் அடிகள் கண்டு தமிழுலகுக்குச் சொன்னார்.

அந்தப் புத்தகம் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1588-இல், உரோமையில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஒரு புதிய பேராயத்தை நிறுவினார். யாரைப் புனிதர் என்று அழைக்கலாம், யாரை அழைக்கக்கூடாது என்று விசாரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. பக்தர்களுக்குக் கதை சொல்லும் நூலும், அந்தக் கதையைச் சாட்சி வைத்து நிரூபிக்கச் சொல்லும் அலுவலகமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்தன. அன்றிலிருந்து இன்றுவரை புனிதர் வரலாறு என்ற ஒன்றை எழுதுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தமிழ் மண்ணோடும் ஈழத்தோடும் தொடர்புடைய வேதசாட்சிகள் பலரின் வரலாறுகளைச் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. பீடத்தில் ஏறியவர்கள் ஏறாதவர்களைவிடப் பரிசுத்தமாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர்களுக்காகக் கடிதம் எழுத ஒருவர் இருந்தார், அந்தக் கடிதத்தைக் காப்பாற்றி வைக்க ஒரு சபை இருந்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் பட்டம் கொடுக்கும் முறை எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

தொடக்கத்தில் முறை என்று எதுவும் கிடையாது. உரோமைப் பேரரசில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவரின் கல்லறையில் ஆண்டுதோறும் அவர் இறந்த நாளில் கூடினார்கள். அதுவே விழா, அதுவே பட்டம். ஊர் ஒப்புக்கொண்டால் போதும். பின்னர் ஆயர்கள் நடுவில் வந்தார்கள். 993-இல் ஆக்ஸ்பர்க் நகர ஆயர் உல்ரிக்குக்குத் திருத்தந்தையே பட்டம் கொடுத்தார். நமக்குத் தெரிந்த முதல் போப்பாண்டவர் பட்டம் அதுதான். 1234-இல் ஒன்பதாம் கிரகோரியார் வெளியிட்ட சட்டத் தொகுப்போடு அந்த அதிகாரம் உரோமைக்கு மட்டும் என்றாயிற்று. பாதுவா அந்தோனியார் 1231 ஜூனில் இறந்து, ஓராண்டு நிறைவதற்குள் 1232 மே மாதமே புனிதரானது இந்த இடைக்காலத்தில்தான். இன்றைக்கு உவரிக்கும் புளியம்பட்டிக்கும் கச்சத்தீவுக்கும் போகும் கூட்டத்தைப் பார்த்தால், அந்த அவசரத்தில் தவறு நடந்ததாகச் சொல்ல முடியாது.

கயிற்றை இறுக்கியவர் எட்டாம் ஊர்பன். 1625-இலும் 1634-இலும் அவர் போட்ட ஆணைகளின்படி, திருச்சபை தீர்ப்புச் சொல்வதற்கு முன் எவருக்கும் பொதுவணக்கம் செலுத்தக்கூடாது. படத்தில் ஒளிவட்டம் கூடாது, கல்லறையைக் கோயிலாக்கக்கூடாது. அதே சமயம், அவரைப் பற்றி மக்களிடையே புனிதர் என்ற பேர் பரவியிருக்க வேண்டும் என்றும் விதி. ஆக, மக்கள் அவரை நம்ப வேண்டும், ஆனால் நம்புவதை வெளியே காட்டக்கூடாது. நேர்ச்சை, சப்பரம், அசனம் என்று எல்லாவற்றையும் ஊர்கூடிச் செய்து பழகிய நம்மவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தாத சட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தச் சட்டத்துக்கு உரிய மூளையைக் கொடுத்தவர் புரொஸ்பெரோ லம்பெர்த்தினி என்ற பொலோஞ்ஞா நகரத்துக்காரர். 'சாத்தானின் வழக்கறிஞர்' என்று ஊரார் கேலியாகச் சொன்ன பதவியில் இருபது ஆண்டுகள் அளவுக்கு இருந்தவர். பட்டத்துக்கு வரும் ஒவ்வொருவர் மேலும் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு நோய் குணமானதைப் புதுமை என்று ஏற்க வேண்டுமானால் நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், தானே தீரக்கூடியதாக இருக்கக்கூடாது, மருந்தால் குணமாகியிருக்கக்கூடாது, திடீரென்றும் முழுமையாகவும் குணமாகித் திரும்பி வராமல் இருக்க வேண்டும் என்று அவர் வகுத்த அளவுகோல்கள் இன்றும் வத்திக்கான் மருத்துவக் குழுவின் அடிப்படை. லம்பெர்த்தினிதான் பின்னால் பதினான்காம் பெனடிக்ட் என்ற திருத்தந்தை ஆனார். தமிழ்நாட்டு வழக்கு ஒன்று அவர் மேசைக்கு வந்ததால் அவரைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கு அருளானந்தருடையது. ஜான் டி பிரிட்டோ, லிஸ்பனில் 1647-இல் பிறந்தவர், அரண்மனையில் இளவரசன் பேதுருவோடு வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து 1673-இல் இந்தியா வந்து, மதுரை மறைப்பணித்தளத்தில் காவி உடுத்தி, காதில் கடுக்கன் போட்டு, மரக்கறி உண்டு, பண்டாரசாமியாக அலைந்தவர். 1686-இல் மறவ நாட்டில் பிடிபட்டார். உடன் பிடிபட்ட உபதேசியார்களும் அதே அடியை வாங்கினார்கள். அந்நாட்டு மன்னர் கிழவன் சேதுபதி அவரை நேரில் வரவழைத்துப் பேசி, இனி இந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று விட்டுவிட்டார். ஐரோப்பா போன பிரிட்டோவை அங்கேயே நிறுத்திக்கொள்ள அரசர் விரும்பியும் நில்லாமல் திரும்பி வந்தார். இம்முறை தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவியரில் ஒருவரைத் தவிர மற்றவர்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்று சாமியார் சொன்னார். தள்ளிவைக்கப்பட்டவர்களில் ஒருவர் கடலாய், சேதுபதியின் உறவுப்பெண். புகார் அரண்மனைக்குப் போயிற்று. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில், சேதுபதியின் தம்பி ஆளுகையில், பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. உடலைக் கழுமரத்தில் தொங்கவிட்டார்கள்.

கொலைக்கு முந்தைய நாள் ஓரியூர்ச் சிறையில் அவர் கடிதம் எழுதினார். எழுதுகோல் ஒரு துரும்பு. மை, தண்ணீரில் குழைத்த கரி. கடிதம் பிரான்சிஸ்கு லாயினஸ் அடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அப்போது மதுரை மறைப்பணிக்குத் தலைவர், பின்னாளில் மயிலாப்பூர் ஆயர். பிரிட்டோ இறந்த சில நாட்களிலேயே நடந்தவற்றை விவரமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியவரும் அவரே. சாட்சியின் சூடு ஆறுவதற்குள் எழுத்தில் ஏறிய வேதசாட்சியம் இது. அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் ஓரியூர் ஒரு செம்மண் மேடு மட்டும்தான். சிந்திய இரத்தத்தில் சிவந்த மண் என்று நம்பி மக்கள் இன்றும் அதை எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. மண்ணுக்கு விசாரணை தேவைப்படவில்லை. பட்டத்துக்குத் தேவைப்பட்டது.

அங்கேதான் சிக்கல். பிரிட்டோ பூண்ட சந்நியாசி வேடம், சந்தனம், சாதி ஆசாரங்களோடு ஒத்துப்போதல் ஆகியவை எல்லாம் அப்போது உரோமையில் பெரிய வழக்காகிக் கிடந்தன. 'மலபார் சடங்குகள்' என்று பெயர். இந்த ஆசாரங்களைக் கடைப்பிடித்த ஒருவரைப் பீடத்தில் ஏற்றினால் ஆசாரங்களையும் ஏற்றியதாகாதா? 1741-இல் பதினான்காம் பெனடிக்ட், பிரிட்டோ அவற்றை மதச்சடங்காக அல்லாமல் நாட்டு வழக்கமாகவே கைக்கொண்டார், ஆகவே வழக்கை நடத்தத் தடையில்லை என்று முடிவு செய்தார். மூன்றே ஆண்டுகளில், 1744-இல், அதே திருத்தந்தை அதே சடங்குகளுக்குத் தடை விதித்து ஓர் ஆணையை வெளியிட்டார். ஆள் நல்லவர், அவர் செய்தது கூடாது. சட்டம் தெரிந்தவர்கள் இதில் முரண் இல்லை என்று விளக்குவார்கள். எனக்கு அது வழக்கறிஞரின் கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. எப்படியோ, பிரிட்டோவுக்குப் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் 1853-இல்தான் கிடைத்தது. புனிதர் பட்டம் 1947 ஜூன் 22 அன்று, இந்தியா விடுதலையாக இரண்டு மாதம் இருக்கும்போது.

இன்னொரு கேள்வியும் அந்த வழக்கில் இருந்தது. அவரைக் கொன்றது விசுவாசத்தின் மேலுள்ள வெறுப்பா, அல்லது தள்ளிவைக்கப்பட்ட பெண்ணின் ஆத்திரமும் அரண்மனை அரசியலுமா? வேதசாட்சி என்பதற்குத் திருச்சபையின் இலக்கணம் கொல்லப்பட்டவரின் மனத்தை மட்டும் பார்ப்பதில்லை, கொன்றவரின் மனத்தையும் பார்க்கிறது. கடலாயின் நியாயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. புருஷன் மதம் மாறியதால் வீட்டை விட்டுத் தள்ளப்பட்ட ஒரு பெண், முறையிட வேண்டிய இடத்தில் முறையிட்டாள். புனிதர் வரலாறுகளில் அவள் வில்லியாக வந்துபோகிறாள். அருளானந்தரைக் கொண்டாடுவதற்காக அவளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொன்றவரின் மனம் என்ற இந்த அளவுகோலே இருபதாம் நூற்றாண்டில் உரோமைக்குத் தலைவலியானது. மாக்சிமிலியான் கோல்பே 1941 ஆகஸ்டில் ஆஷ்விட்சு முகாமில் வேறொரு கைதிக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்து இறந்தார். 1971-இல் அருளாளர் ஆக்கியபோது அவரை வேதசாட்சி என்று சொல்லவில்லை. 1982-இல் இரண்டாம் ஜான் பால், குழுவின் தயக்கத்தைத் தள்ளிவைத்து வேதசாட்சியாகவே அறிவித்தார். எல் சால்வதோரின் பேராயர் ரொமேரோ 1980 மார்ச் 24 அன்று பலிபீடத்தில் சுடப்பட்டார். சுட்டவர்களும் கத்தோலிக்கர்கள் என்றால் விசுவாச வெறுப்பு எங்கிருந்து வரும் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது வழக்கு. 2015-இல்தான் வேதசாட்சி என்று ஒப்புக்கொண்டார்கள், 2018-இல் புனிதர். கேரளத்தில் பிறந்து இந்தூர்ப் பக்கம் நிலமற்ற ஏழைகளோடு வேலை செய்த அருட்சகோதரி ராணி மரியா 1995-இல் ஓடும் பேருந்தில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். வட்டிக்காரர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் அவர் இடைஞ்சல். 2017-இல் அவர் அருளாளர் ஆனபோது, நீதிக்காக நின்றதும் விசுவாசத்தின் பங்குதான் என்று திருச்சபை ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம். அதே ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், பிறருக்காகத் தெரிந்தே உயிரைக் கொடுத்தவர்களுக்கென்று தனி வழி ஒன்றையும் திறந்தார்.

தேவசகாயத்தின் வழக்கையும் இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை, மார்த்தாண்ட வர்மா அரசில் பத்மநாபபுரத்து ஊழியர். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சு மாலுமி டிலனாய், திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, நீலகண்டனுக்கு நண்பரானார். குடும்பத்தில் நட்டமும் சாவும் வந்து நொந்திருந்தவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் அவர். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரின் தமிழாக்கம்தான் தேவசகாயம். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். 1749 பிப்ரவரியில் கைது. பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அடி, மிளகாய்ப் பூச்சு, எருக்கம்பூ மாலை, எருமையின் மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக ஊர்வலம். 1752 ஜனவரி 14 இரவு ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் உடலில் எஞ்சியதைக் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

கோட்டாற்று வட்டாரத்தில் இந்தக் கதை நாடகமாகவும் வில்லுப்பாட்டாகவும் வாழ்ந்தது. புலியூர்க்குறிச்சியில் தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காமல் முழங்கையால் இடித்த பாறையில் ஊற்றுக் கிளம்பியது. முட்டிடிச்சான் பாறை என்று பெயர், கெபியும் கோயிலும் வந்துவிட்டன. காற்றாடிமலையில் ஒரு பாறையைக் கல்லால் தட்டினால் வெண்கல மணி போல ஓசை வரும். அவர் உயிர் போனபோது அது மணியடித்தது என்று மணியடிச்சான் பாறை ஆயிற்று. போகிறவர்கள் எல்லோரும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள், பல இடங்களில் வழவழவென்று தேய்ந்து போகும் அளவுக்கு. இவற்றில் எதுவும் உரோமைக்கு வேண்டியிருக்கவில்லை. உரோமைக்குப் பயன்பட்டது 1756-இல் கொச்சி ஆயர் தம் மறைமாவட்ட அறிக்கையில் இந்தக் கொலையைப் பற்றி எழுதியிருந்த பகுதி. இறந்து நான்கே ஆண்டுகளில், பொறுப்பில் உள்ள ஒருவர் எழுதிய சாட்சியம். பிரிட்டோவுக்கு லாயினஸ் எப்படியோ, தேவசகாயத்துக்கு இந்த அறிக்கை அப்படி.

எதிர்த்தரப்பும் இருக்கிறது. மதம் மாறியதற்காக மார்த்தாண்ட வர்மா யாரையும் கொன்றதாக அரண்மனைப் பதிவு இல்லை, இது ராஜதுரோக வழக்கோ பணக் கையாடல் வழக்கோதான் என்று திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். டிலனாயும் கத்தோலிக்கர், அவரை மன்னர் கடைசிவரை மதித்து வைத்திருந்தாரே என்பது அவர்கள் கேள்வி. உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை லத்தீன், தமிழ் எழுத்துகளோடு இன்றும் இருக்கிறது. கேள்வி நியாயமானது. ஆனால் பதிலும் கதைக்குள்ளேயே கிடக்கிறது. வெளிநாட்டுத் தளபதி எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன? உயர்சாதி அரண்மனை ஊழியன் ஒருவன் மதம் மாறி, யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிட்டால் அதுதான் ஆபத்து. அந்த ஆட்சியில் சாதி ஆசாரமும் அரச விசுவாசமும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றை மீறியவன்மேல் மற்றொன்றின் பேரில் வழக்குப் போடுவது கடினமில்லை. 2012 ஜூனில் உரோமை இதை விசுவாச வெறுப்பால் நடந்த கொலை என்று தீர்த்தது. அந்த டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். 2022 மே 15 அன்று புனிதர். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று செய்தித்தாள்கள் எழுதின.

2012-இல் 'தேவசகாயம் பிள்ளை'யாக இருந்தவர் 2022-இல் வெறும் 'தேவசகாயம்' ஆனார். சாதியை விட்டு வந்தவரின் பெயரில் சாதி தொங்கக்கூடாது என்று கேட்டவர்களின் வேண்டுகோள் ஏற்கப்பட்டது. சரியான முடிவு. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூறாண்டுக்குப் பிறகு, வெள்ளாளருக்கு ஒரு சிறகு நாடாருக்கு ஒரு சிறகு என்று இரண்டாகப் பிரித்துக் கோயில் கட்டினார்கள். பெயரைத் திருத்துவது எளிது. எல்லாச் சாதியோடும் சேர்ந்து உண்டவர் என்பதைப் பட்டத்துக்கான காரணமாகச் சொன்ன திருச்சபை, அவர் வட்டாரத்தில் அந்தப் பாடம் எவ்வளவு தூரம் போயிற்று என்று கேட்டுக்கொண்டதா?

கதை பெருகுவதற்கும் கோப்பு நறுக்குவதற்கும் நடுவில் சவேரியாரையும் பார்க்க வேண்டும். 1542 கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவரே எழுதிய கடிதத்தில் பாடு தெளிவாகத் தெரிகிறது: தமிழ் தெரியாது, இரண்டு மொழியும் அறிந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு தெருவில் பிள்ளைகளைக் கூட்டினார். 1622-இல் அவர் புனிதரானபோது நடந்ததோ வேறு. போன இடத்து மொழியெல்லாம் அவருக்குத் தானாக வந்தது என்ற புதுமை பட்டத்தின் ஆவணங்களிலேயே ஏறிவிட்டது. அவருடைய கடிதங்கள் அச்சில் புழங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது. மொழி தெரியாமல் திண்டாடி, பிள்ளைகளிடம் கற்று, தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொடுத்த மனிதரைவிட மந்திரவாதி போல் தமிழ் பேசிய சவேரியார் எந்த விதத்தில் பெரியவர்? எனக்கு விளங்கவில்லை.

இப்படிப் பெருகிய கதைகளைக் களையெடுப்பதற்கென்றே ஒரு பரம்பரை உண்டு. பெல்ஜியத்து இயேசு சபையார் ஜான் போலாந்து 1643-இல் தொடங்கிய புனிதர் வரலாற்றுத் தொகுதிகள் நாட்காட்டி வரிசையில் நூற்றாண்டுகளாக வந்தன. அவர் வழிவந்தவர்கள் ஒவ்வொரு கதையையும் பழைய ஏடுகளோடு ஒப்பிட்டார்கள். கார்மேல் சபையை எலியா தீர்க்கதரிசி நிறுவினார் என்ற கதையில் சந்தேகம் எழுப்பியதற்காக 1695-இல் ஸ்பெயின் விசாரணை மன்றம் அவர்களுடைய தொகுதிகளையே கண்டனம் செய்தது. அவர்களில் ஒருவரான இப்போலித் தெலேயி 1905-இல் எழுதிய நூல், புனிதர் கதைகளில் வரலாறு எது, கற்பனை எது என்று பிரிப்பதற்கு இன்றும் கைவிளக்கு. அந்த வேலையின் விளைவாக 1969 நாட்காட்டித் திருத்தத்தில் கிறிஸ்தோபர், பார்பரா போன்றவர்கள் பொது நாட்காட்டியிலிருந்து இறங்கினார்கள். பிலோமினா 1961-லேயே இறங்கிவிட்டார். 1802-இல் உரோமை நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த எலும்புகளையும் ஒரு பெயர்க்கல்லையும் வைத்துக் கட்டிய வாழ்க்கை அது. ஆனால் மைசூர்ப் பேராலயம் இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. யாருக்கும் அதில் சங்கடம் இல்லை.

வீரமாமுனிவர் அம்மானை பாடிய கித்தேரியம்மாளும் வரலாற்றாய்வில் நிற்காத கன்னி வேதசாட்சிதான். 1647-இல் தெல்லிப்பளைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானை பாடினார். யாக்கோபு அப்போஸ்தலர் குதிரை ஏறிப் போரில் வந்த கதை யாழ்ப்பாணத்தில் வீட்டுத் திண்ணைப் பாட்டாயிற்று. மன்னாரிலும் மட்டக்களப்பிலும் வடபகுதிக் கரையோரத்திலும் கூத்தாக ஆடப்பட்ட எஸ்தாக்கியார், செபஸ்தியார் கதைகளும் அப்படித்தான். இவற்றைப் பொய் என்று தள்ளுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமூகம் தன் துன்பத்தைச் சொல்லிக்கொள்ள வைத்திருந்த ஒரே ஏட்டைத் தள்ளுகிறார். இப்படி நடந்தது என்று நிரூபிக்க அவற்றால் ஆகாது. ஆடியவர்கள் எதற்கு அழுதார்கள் என்பதை வேறு எந்த ஆவணமும் சொல்லாது.

1983-இல் இரண்டாம் ஜான் பால் விதிகளை இலகுவாக்கினார். சாத்தானின் வழக்கறிஞர் பெரும்பாலும் ஓய்வு பெற்றார். வரலாற்றாய்வாளர்கள் முன்னுக்கு வந்தார்கள். அவர் ஒருவரே 480-க்கு மேற்பட்டவர்களைப் புனிதராக்கினார், 1,300-க்கு மேற்பட்டவர்களை அருளாளராக்கினார். வேகம் கூடியது. ஆனால் யார் வருகிறார்கள்? கூட்டமாகப் பட்டம் பெற்ற வேதசாட்சிகளை விட்டுவிட்டால், துறவு சபைகளை நிறுவியவர்களும் துறவியரும்தான் மிகுதி, ஏனென்றால் ஆண்டுக்கணக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் செலவு செய்யவும் அந்தச் சபைகளால் முடிகிறது. இந்தியப் பட்டியலே சாட்சி: அல்போன்சா, சாவரா, யூப்ரேசியா, மரியம் திரேசியா, அன்னை தெரேசா, எல்லோரும் துறவியர். குடும்பம் நடத்தி, கடன் வாங்கி, பிள்ளை வளர்த்துப் பரிசுத்தமாய் வாழ்ந்த பெண்ணுக்காக யார் உரோமைக்குப் போவார்? தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ, புருஷனைப் பறிகொடுத்தபின் வடக்கன்குளத்திலேயே இருந்து செத்தாள். அவளுக்குக் கோப்பு இல்லை.

விதிகள் வளையும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோவாக்காரரான ஜோசப் வாஸ் அடிகள் 1687-இல் கூலி வேடத்தில் ஈழம் போய், டச்சுக்காரர் துரத்திய கத்தோலிக்கரை யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை மறைந்து மறைந்து தேற்றி, 1711-இல் கண்டியில் இறந்தவர். 1995-இல் அருளாளர். புனிதர் பட்டத்துக்கு இன்னொரு புதுமை வேண்டும் என்பது விதி. திருத்தந்தை பிரான்சிஸ் அதை வேண்டாம் என்று விட்டு, 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் பட்டம் கொடுத்தார்.

வளைய முடியுமானால், மன்னாரைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1544-இல் மன்னார்த் தீவின் மக்கள் ஞானஸ்நானம் கேட்டு ஆளனுப்பினார்கள். சவேரியார் தாம் போகாமல் ஒரு குருவை அனுப்பினார். யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் படையோடு வந்து, ஞானஸ்நானம் பெற்றவர்களில் அறுநூறு பேர் அளவுக்கு வெட்டினான். சவேரியார் கடிதங்களில் அந்தத் துயரம் இருக்கிறது. பழிவாங்கப் போர்த்துக்கீசியப் படையை நாகப்பட்டினத்தில் திரட்டவும் அவர் முயன்றார். சரக்கோடு வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, சரக்கு மன்னன் கையில் சிக்கிக்கொண்டதால் படையெடுப்பு நின்றுபோனது. வணிகர் கணக்கில் அறுநூறு உயிரைவிடச் சரக்கு கனத்தது.

இவர்களுக்கு இன்னும் பட்டமில்லை. பெயர் தெரியாது என்பார்கள். அது காரணமாகாது. 1480-இல் இத்தாலியின் ஒத்ராந்தோவில் துருக்கியர் வெட்டிய 813 பேரில் அந்தோனியோ பிரிமால்தோ என்ற ஒருவரின் பெயர்தான் நிச்சயமாகத் தெரியும். 2013 மே மாதம் அத்தனை பேரும் புனிதரானார்கள். (அந்த முடிவை அறிவித்த கூட்டத்தில்தான் பதினாறாம் பெனடிக்ட் தம் பதவி விலகலையும் அறிவித்தார், அதனால் ஒத்ராந்தோவை அன்று யாரும் கவனிக்கவில்லை.) கொரியாவின் 103 பேரும் வியட்நாமின் 117 பேரும் 1984-இலும் 1988-இலும் கூட்டமாகவே பீடமேறினார்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டு மக்கள். அங்கே எழுதிவைக்கப் பிரெஞ்சு, ஸ்பானியக் குருக்கள் இருந்தார்கள்.

உண்மையான சிக்கல் சங்கிலியின் மனம். அவன் வெறுத்தது கிறிஸ்துவையா, அல்லது ஞானஸ்நானத்தோடு சேர்ந்து வந்த போர்த்துக்கீசிய அரசனின் கொடியையா? கரையோரத்தில் அந்தக் காலத்தில் மதம் மாறுவது ஆட்சி மாறுவதற்கு முன்னோடியாக இருந்தது. அவன் அதைக் கண்டு பயந்ததில் வியப்பில்லை. பயம் வீண்போகவும் இல்லை, 1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசியர் கையில் விழுந்தது. ஆனால் பிரிட்டோவின் வழக்கிலும் அரண்மனை அரசியல் இருந்தது, தேவசகாயத்தின் வழக்கில் ராஜதுரோகக் குற்றச்சாட்டு இருந்தது, ரொமேரோ வழக்கில் உள்நாட்டுப் போரே இருந்தது. அவற்றையெல்லாம் கடந்துவந்த இலக்கணம் மன்னாரிலும் கடக்கலாம்.

அதற்கு ஐரோப்பியக் கடிதங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவ மாலையும் சங்கிலி மன்னாரில் கிறிஸ்தவர்களை வெட்டிய செய்தியைச் சொல்கிறது. பாதிரிமார் எழுதிய நூல் அல்ல அது. கொலையுண்டவர்களைப் புனிதராக்கும் எண்ணம் துளியும் இல்லாத ஒரு சைவப் புலவரின் பதிவு. தரப்பில்லாத இப்படிப்பட்ட சாட்சியைத்தான் லம்பெர்த்தினியின் விதிகள் தேடுகின்றன, அது இங்கே தமிழிலேயே இருக்கிறது.